படம் பிடித்தீர், பாடம் படித்தீரா?

புயல் கரையைக் கடக்கிறது. காற்று ஓய்கிறது. மழை விடுகிறது. கூரை பறிகொடுத்தவன் கூரையைத் தேடுகிறான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பிள்ளையைத் தேடுகிறாள். அந்த வேளை பார்த்து இன்னொரு புயல் அவ்வூருக்குள் நுழைகிறது. அதற்கு வானிலை நிலையத்தார் பெயர் சூட்டுவதில்லை. அதன் வருகைக்காகத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவதுமில்லை. காமிராப் புயல் அது! அமைச்சர் வருகிறார், அவரோடு காமிரா வருகிறது. அரிசிப் பை வருகிறது, அதை வழங்கும் கையைக் காட்டக் காமிரா வருகிறது. இவ்வளவும் போதாதென்று, இப்போது கல்லூரி மாணவர்களும் தோளில் காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, கூட்டம் கூட்டமாகப் 'புகைப்படப் பயணம்' புறப்படுகின்றனர்.

உத்திரமேரூர் கடற்கரையில் உள்ள ஊரன்று. எனினும் வங்கக் கடலில் எழும் காற்றழுத்தம் எதுவும் நம் ஏரிக்கரையைச் சோதித்துப் பாராமல் போவதில்லை. 2016 டிசம்பர் 12-இல் வர்தா வந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தது. காற்றும் மழையும் என்ன செய்யும் என்பதை நம் வட்டாரத்து ஓலைக் குடிசைகளும் ஓட்டு வீடுகளும் நன்கறியும். அத்தகைய ஊர்களிலே பிறந்த இளைஞர்கள், உழவன் வீட்டுப் பிள்ளைகள், நெசவாளி வீட்டுப் பிள்ளைகள், கடன் வாங்கியேனும் காமிராவை வாங்கி, அடிபட்ட ஊர்களைக் காணச் செல்கின்றனர். செல்லட்டும். தடுக்க நாம் முன்வரவில்லை. நாம் கேட்பது ஒரே கேள்விதான்: எதைக் காணச் செல்கிறீர்கள்? காட்சியையா, காரணத்தையா?

தனுஷ்கோடியை எடுத்துக்கொள்வோம். புகைப்படக்காரர்களின் புண்ணியத் தலமாகவே அது ஆகிவிட்டது. 1964 டிசம்பர் 22 இரவு தொடங்கி 23 விடிவதற்குள் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில், கொந்தளித்த கடலுக்குள் பெட்டிகளோடு போயிற்று. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் புயலுக்குப் பலியானோர் மொத்தம் ஏறத்தாழ 1,800 பேர் என்பர். ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், இலங்கைக்குக் கப்பலேறும் துறை ஆகிய அனைத்தோடும் வாழ்ந்த ஊர் அது. அரசு அதனை வாழத் தகுதியற்ற இடம் என அறிவித்தது. இன்று அங்கே என்ன நடக்கிறது? இடிந்த தேவாலயச் சுவர் முன்னே மணமகளும் மணமகனும் நிற்கின்றனர். மாலை வெயில் சுவரில் விழுகிறது. நீலக் கடல் பின்னே விரிகிறது. "அழகு! அழகு!" என்று காமிரா கொட்டி முழக்குகிறது.

அந்தப் படத்திலே இல்லாதவர் யார் தெரியுமா? 'வாழத் தகுதியற்ற' அதே மணலில் இன்றளவும் வாழ்கின்ற மீனவர்கள்! மனிதன் வாழ முடியாது என்று ஏட்டிலே எழுதிவிட்டால் மின்கம்பம் நடவேண்டிய கடமை தீர்ந்தது. குடிநீர்க் குழாய் போடவேண்டிய கடமை தீர்ந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் கடமையும் தேய்ந்தது. 2017-இல் அரிச்சல்முனை வரையில் சாலை போட்டார்கள். எவருக்காக? அங்கே குடியிருந்தோர் அரை நூற்றாண்டுக் காலம் மணலில் நடந்தபோது வராத சாலை, பார்க்க வருவோருக்காக வந்தது. இடிந்த சுவருக்கு ஆயிரம் படம். இருக்கின்ற மனிதனுக்கு ஒரு படமில்லை. இதைத்தான் கலை என்கின்றனர்!

படத்துக்குக் கீழே எழுதுகின்றனரே, அதையும் படித்துப் பாருங்கள். "விதியின் விளையாட்டு", "கடலன்னையின் கோபம்", "இயற்கையின் சீற்றத்துக்கு முன் மனிதன் எம்மாத்திரம்!" ஆம், காமிரா இருபத்தோராம் நூற்றாண்டுக் கருவி, கருத்தோ புராண காலத்துச் சரக்கு. நொடியை ஆயிரமாகப் பகுத்துப் படமெடுக்கும் அறிவுக் கருவியைக் கையிலே வைத்துக்கொண்டு, கடலுக்குக் கோபம் வந்தது என்று எழுதுகிறார்களே, இதைவிட வேதனை வேறு உண்டா?

கடலுக்குக் கோபமில்லை. கடல் மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 26 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும்போது, நீராவி திரண்டு மேலே எழுகிறது. அது குளிர்ந்து மேகமாகையில் வெளிப்படும் வெப்பமே புயலுக்குத் தீனி. பூமியின் சுழற்சி அதனைச் சுழற்றிவிடுகிறது. காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ள, கரையோரம் ஆழம் குறைவாக உள்ள இடங்களில் நீர் மதிலாக எழுகிறது. இதிலே பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை; கணக்கு இருக்கிறது. கணக்கு இருப்பதால்தான் முன்கூட்டியே சொல்லவும் முடிகிறது.

சான்று வேண்டுமா? ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29-இல் வந்த புயல் அங்கே ஏறத்தாழ 10,000 உயிர்களைக் குடித்தது. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தது. சுமார் 10 இலட்சம் மக்களை முன்னதாகவே அப்புறப்படுத்தினர். சாவு நூறைக்கூட எட்டவில்லை. 2019 மே 3-இல் ஃபானி புயல் பூரி நகரின் அருகிலேயே கரை கடந்தது. சுமார் 12 இலட்சம் பேர் முன்கூட்டியே பத்திரமான இடங்களுக்குச் சென்றிருந்தனர். மாண்டவர் 64 பேர். அதே கடல், அதே காற்று, அதே மாநிலம். பூரி ஜெகந்நாதர் 1999-லும் இருந்தார், 2019-லும் இருந்தார். 1999-இல் போதிய அளவில் இல்லாதிருந்தவை புயற்காப்பிடங்கள்! தக்க எச்சரிக்கை, கடற்கரை ஓரத்துக் கட்டடங்கள், சாலை, வண்டி, பயிற்சி பெற்ற தொண்டர்கள். இவையே பல்லாயிரம் உயிர்களைக் காத்தன. எனவே, புயலில் ஒருவன் சாகிறான் என்றால், "விதி" என்று எழுதாதீர்கள், "யார் கடமை தவறினார்?" என்று எழுதுங்கள்.

2024 டிசம்பர் 1-இல், ஃபெஞ்சல் கொட்டிய மழையில் திருவண்ணாமலையின் மலைச்சரிவு இடிந்து ஒரு வீட்டின்மீது விழுந்து 7 பேரைப் புதைத்தது. அவருள் 5 பேர் சிறுவர். அந்த மலையையே இறைவன் என்று இலட்சக்கணக்கானோர் சுற்றி வருகின்றனர். மலை காக்கவில்லை, காக்கவும் அதனால் இயலாது, ஏனெனில் அது மண்ணும் பாறையும். நாம் கேட்கிறோம்: மலைச்சரிவிலே போய் வீடு கட்டிக்கொள்பவர் யார்? சமநிலத்தில் மனை வாங்க வகையற்ற ஏழையரே அல்லவா? ஆற்றங்கரையில், ஏரியின் உட்புறத்தில், கடலோரத் தாழ்நிலத்தில் குடிசை போடுவோர் யார்? அவரேதாம். காற்று எல்லார்மீதும் ஒன்றுபோல வீசுகிறது; சாவு மட்டும் ஏன் சேரி பார்த்து, குப்பம் பார்த்து விழுகிறது? அந்தக் 'ஏன்' உங்கள் படத்தில் இருக்கிறதா?

படமெடுப்பதிலே இருவகை உண்டு. வரலாறு இரண்டையும் நமக்குக் காட்டுகிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின்போது, வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலப் படை அதிகாரி காமிராவோடு வந்தார். எலும்பும் தோலுமாக நின்ற நம் முன்னோரை வரிசையாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் படமெடுத்தார். பட்டினியால் சுருண்டு விழ இருந்தவனை, அசையாமல் இரு என்று நிறுத்திவைத்து எடுத்த படங்கள் அவை! எடுத்தவர் அவர்களுக்கு உதவவில்லை என்ற பழி அப்போதே எழுந்தது. அதே ஹூப்பர், 1886-இல் பர்மாவின் மாந்தலேயில் கைதிகள் சுட்டுக் கொல்லப்படும் கணத்தைப் படமெடுக்க முயன்று கண்டனத்துக்கு ஆளானார். தென்னாட்டுப் பஞ்சத்தில் மாண்டோர் இலட்சக்கணக்கில். அதே காலத்தில் இந்தியத் தானியம் கப்பலேறி இங்கிலாந்து சென்றுகொண்டிருந்தது. ஹூப்பரின் படத்தில் எலும்பு தெரிகிறது, கப்பல் தெரியவில்லை. எலும்பைக் காட்டிக் கப்பலை மறைக்கும் கலை, அது ஆள்வோர் கலை!

1943-இல் வங்காளத்திலே பஞ்சம். 'பஞ்சம்' என்ற சொல்லையே அரசு விழுங்கப் பார்த்தது. ஆகஸ்டு 22-இல், கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' ஏட்டில் அதன் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் தெருவிலே செத்துக் கிடந்தோரின் படங்களை வெளியிட்டார். மூடிவைத்த உண்மை உலகறிய வெளிவந்தது. சுனில் ஜானா என்ற இளைஞர் ஊர் ஊராகச் சென்று படமெடுத்தார். ஓவியர் சித்தபிரசாத் வரைந்தார். சித்தபிரசாதின் நூலை அரசு பறிமுதல் செய்தது. ஏன் பறித்தது? அழகாக இருந்ததற்காகவா? அல்ல! அது குற்றவாளியின் முகவரியைக் காட்டிற்று. ஆளுவோன் எந்தப் படத்தைக் கண்டு அஞ்சுகிறானோ, அதுவே மக்களின் படம். ஆளுவோன் எந்தப் படத்தை எடுத்துத் தன் அறையில் மாட்டிக்கொள்கிறானோ, அதைப் பற்றி ஐயப்படுங்கள்.

அமெரிக்காவுக்கும் சென்று வருவோம். 2005 ஆகஸ்டு 29-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கியது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து நகரில் 100-க்கு 80 பங்கு நீரில் மூழ்கியது. அந்தச் சுவர்களைக் கட்டிய இராணுவப் பொறியாளர் துறையே, 2006-இல், அமைப்பிலே குறை இருந்ததை ஒப்புக்கொண்டது. மார்பளவு நீரில் கையில் உணவோடு சென்ற கறுப்பு இளைஞன் ஒருவனின் படத்தைச் செய்தி நிறுவனம் ஒன்று வெளியிட்டு, கடையைக் கொள்ளையடித்துவிட்டு வருகிறான் என்று அடிக்குறிப்பு எழுதியது. அதேபோல நீரில் உணவோடு சென்ற வெள்ளையர் இருவரின் படத்தை இன்னொரு நிறுவனம் வெளியிட்டு, உணவைக் கண்டெடுத்து வருகிறார்கள் என்று எழுதியது. வெள்ளம் ஒன்று, பசி ஒன்று, ரொட்டியும் ஒன்று. தோல் கறுத்தால் கொள்ளை. தோல் வெளுத்தால் கண்டெடுப்பு! காமிரா பொய் சொல்லாது என்பர். காமிரா பொய் சொல்ல வேண்டியதில்லை. அடிக்குறிப்பு அந்த வேலையைச் செய்துவிடும்.

அங்கே நிறம் செய்ததை இங்கே சாதி செய்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோரைக் கொன்றது. இரண்டு நாள் கழித்து, கடலூர்க் கரையிலே உறவைப் பறிகொடுத்துத் தரையில் விழுந்து கதறும் தமிழ்ப் பெண் ஒருத்தியை ஆர்க்கோ தத்தா என்ற செய்திப் புகைப்படக்காரர் படமெடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த உலகச் செய்திப் படம் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. உலகத்தின் கண்ணைக் கலங்கவைத்த படம்தான் அது. நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே நாட்களில் நடந்த மற்றொன்று யாருடைய சுவரிலும் தொங்கவில்லை. அழுகிய பிணங்களை அப்புறப்படுத்த வெளியூர் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்துவரப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். நிவாரண முகாம்களிலே தாழ்த்தப்பட்டோர் ஒதுக்கப்பட்டனர் என்ற செய்திகளும் வந்தன. ஊரே ஓடிய இடத்துக்கு ஒரு சாதியை மட்டும் அனுப்பிவைத்தது கடலா? கடல் சாதி பார்க்கவில்லை, கரை பார்த்தது! கதறலைப் படமெடுத்த காமிராக்கள் நூறு. கயமையைப் படமெடுத்த காமிராக்கள் எத்தனை?

இந்த இடத்தில், நம் உத்திரமேரூர்க் கல் பேசட்டும்.

வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன; 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையைக் கூறுபவை. உலகின் முதல் சனநாயகம் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து அந்தச் சுவரையும் படமெடுக்கவைக்கின்றனர். படமெடுப்போர் அதைப் படித்தனரா? வரி செலுத்தும் கால் வேலி நிலம் சொந்தமாக உள்ளவனாக இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியவனாக இருக்கவேண்டும். 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்கவேண்டும். வேதம் கற்றவனாக இருக்கவேண்டும்! அந்த ஏரியை வெட்டியவனின் பெயர் குடத்துக்குள் போகவில்லை. நாற்று நட்டவளின் பெயர் போகவில்லை. சதுர்வேதி மங்கலத்துச் சபை, சதுர்வேதிகளின் சபை. சுவரை எடுத்த படத்தில் இந்தக் கதவடைப்பு தெரியாது; படித்தவனுக்குத்தான் தெரியும்.

எனினும் அதே கல்லில் ஒரு விதி உண்டு. பகைவன் எழுதிய ஏட்டிலும் பயனுள்ளதை எடுத்துக்கொள்வது பகுத்தறிவு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. ஏரி வாரியத்தான் ஏரிக்குக் கணக்குச் சொல்லவேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்த விதியை இன்றைய நிவாரணத்துக்குப் பொருத்திப் பாருங்கள்! 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறி, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. மாநில அரசு ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கேட்டது; மத்திய அரசு தேசியப் பேரிடர் நிதியில் ஒப்புதல் அளித்தது சுமார் 1,146 கோடி. கேட்டதற்கும் கொடுத்ததற்கும் இடையே உள்ள இடைவெளியில் எத்தனை கூரைகள் வேயப்படாமல் கிடந்தன? யார் கணக்குக் காட்டினார்? சாய்ந்த தென்னையைப் படமெடுத்தோர் அனைவரும் ஒரு வாரத்தில் ஊர் திரும்பினர். புதிதாக நட்ட தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் வேண்டுமே! அந்த ஐந்தாறு ஆண்டுகளில் அந்தக் குடும்பம் எதைத் தின்றது என்று கேட்க எந்தக் காமிரா திரும்பிச் சென்றது?

"படத்தைக் கண்டுதானே பணம் வருகிறது, அரிசி வருகிறது?" என்று கேட்போர் உளர். வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அரிசி வாங்கும் கையைத் தாழ்த்தியும் கொடுக்கும் கையை உயர்த்தியும் எடுக்கிறீர்களே, அது எதற்காக? 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் சென்னையும் செங்கற்பட்டுச் சீமையும் மூழ்கியபோது, பிறர் தந்த நிவாரணப் பொட்டலங்களிலும் ஆளுங்கட்சித் தலைவரின் படம் ஒட்டப்படுகிறது என்ற புகார் எழுந்து நாடே நகைத்ததே, மறந்தோமா? வரி கொடுத்த குடிமகன் பெறுவது உரிமை, பிச்சையன்று. உரிமையைப் பெறுகிறவன் காமிராவைப் பார்த்துக் கும்பிட வேண்டியதில்லை.

"கலைக்கு நோக்கம் வேண்டாம், அழகே போதும்" என்போரும் உளர். அவர்கள் வீட்டுக் கூரை பறந்த மறுநாள் நாம் காமிராவோடு சென்று, "சற்றே ஒதுங்குங்கள், வெளிச்சம் நன்றாக விழுகிறது" என்றால் ஏற்பார்களா? தன் வீட்டு வாசலில் ஒப்பாதது அடுத்தவன் வாசலில் எப்படிக் கலையாகும்?

ஆகவே, காமிரா ஏந்திய இளைஞரே! செல்லுங்கள். வேடிக்கை பார்க்கச் செல்லாதீர்கள், கணக்கெடுக்கச் செல்லுங்கள். யாரை எடுக்கிறீர்களோ அவரிடம் ஒப்புதல் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் காமிராவை உறையில் போடுங்கள். அழச் சொல்லாதீர்கள், மறுபடி ஒருமுறை கையேந்தச் சொல்லாதீர்கள். முகத்தை எடுக்குமுன் சுவரில் நீர் ஏறிய கோட்டை எடுங்கள். பூட்டிக் கிடக்கும் புயற்காப்பிடத்தை எடுங்கள். தார்ச்சாலை ஊரோடு நின்று, சேரிக்கு முன்னே மண்பாதையாக மாறும் இடத்தை எடுங்கள். இடமும் நாளும் தவறாமல் எழுதுங்கள். எடுத்த படத்தில் ஒரு படியை அந்த வீட்டாருக்கே கொடுங்கள். இழப்பீடு கேட்டு வட்டாட்சியர் அலுவலகப் படியேறும்போது, அது அவர்களுக்குச் சான்றாக நிற்கட்டும். ஓராண்டு கழித்து அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். இரண்டு படங்களையும் ஊர் நடுவே அருகருகே மாட்டுங்கள். ஆயிரம் மேடைப் பேச்சு செய்யாததை அந்த இரண்டு படங்கள் செய்யும்.

அதற்கும் மேலான பணி ஒன்று உண்டு: காமிராவைக் கைமாற்றுதல். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனாகப் பிறந்த எம். பழனி குமார், மலக்குழியில் இறங்க வைக்கப்படும் தொழிலாளரின் வாழ்வைப் படமெடுத்தவர். அத்தோடு அமையாமல் தூய்மைப் பணியாளர் பிள்ளைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் படமெடுக்கக் கற்றுக்கொடுத்து வருகிறார். இதுவே நாம் வேண்டும் புரட்சி. நேற்று வரையில் பார்க்கப்பட்டவன், இன்று பார்க்கிறான். நேற்று வரையில் அடிக்குறிப்புக்கு ஆளானவள், இன்று அடிக்குறிப்பை எழுதுகிறாள். அவள் எழுதும்போது 'விதி' என்ற சொல் அங்கே வருமா?

தொலைதூரம் போகத்தான் வேண்டுமென்பதும் இல்லை. உத்திரமேரூர் ஏரி பல்லவர் காலத்திலேயே வைரமேகத் தடாகம் எனப் பெயர் பெற்றது. அதன் கரை எங்கே இளகியிருக்கிறது, வரத்துக்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, கலங்கல் எந்த நிலையில் இருக்கிறது, தாழ்ந்த இடத்தில் எத்தனை வீடுகள் நிற்கின்றன என்பதை மழைக்கு முன்னரே படமெடுத்து, கிராமசபைக் கூட்டத்தில் வையுங்கள். குடவோலைச் சபையில் நம் முன்னோருக்கு இடமில்லை. இன்றைய கிராமசபையில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இடமுண்டு. 35 வயது வரையில் காத்திருக்க வேண்டியதில்லை, கால் வேலி நிலம் காட்ட வேண்டியதில்லை, வேதம் ஓத வேண்டியதில்லை. எழுந்து நின்று "கணக்கு எங்கே?" என்று கேட்கலாம்.

புயல் மீண்டும் வரும். அது இயற்கை. அது வரும்போது ஏழையின் கூரை மட்டும் பறப்பது இயற்கையன்று. மனிதன் செய்த ஏற்பாடு. மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம். மாற்றுவதற்கு முதலில் அது கண்ணுக்குத் தெரியவேண்டும். அதைக் காட்டுங்கள், இளைஞரே! கண்ணீரைக் காட்டியது போதும், காரணத்தைக் காட்டுங்கள்!